கூட்டமே பாடும் பாட்டு யாருக்குச் சொந்தம்? கிளாஸ்டன்பரி விழாவின் இண்டி பாடல்கள்

பசார் மாலாம் துணிக்கடைகளில் ஒரு கறுப்பு டி-சட்டை தொங்குவதைப் பலர் பார்த்திருப்பார்கள். நெஞ்சுப் பகுதியில் வெள்ளைக் கோடுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக, மலைத்தொடர் போல எழுந்து அடங்கும். பெயர் எதுவும் எழுதியிருக்காது. நம் வீட்டுப் பிள்ளைகளும் அதை வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். இது என்னவென்று கேட்டால் "டிசைன் நல்லா இருக்கு" என்பதே பெரும்பாலும் பதில்.

அது ஓர் இசைத்தட்டின் அட்டைப்படம். இங்கிலாந்தின் மான்செஸ்டர் வட்டாரத்தைச் சேர்ந்த 'ஜாய் டிவிஷன்' என்ற நால்வர் குழு 1979-இல் வெளியிட்ட 'அன்நோன் பிளஷர்ஸ்' தொகுப்புக்காக வரையப்பட்டது. அந்தக் கோடுகள் மலைகள் அல்ல. வானத்தில் துடிக்கும் ஒரு விண்மீனிலிருந்து வந்த வானொலி அலைகளின் வரைபடம். வானியல் கலைக்களஞ்சியம் ஒன்றிலிருந்து அதை எடுத்து, கறுப்பில் வெள்ளையாக மாற்றி அச்சிட்டார்கள். சட்டை உலகமெங்கும் போய்விட்டது. பாட்டு பின்னாலேயே வரவில்லை, அவ்வளவுதான்.

இந்த வகைப் பாடல்களைக் கேட்க ஒவ்வொரு கோடையிலும் ஏறக்குறைய 2 லட்சம் பேர் ஒரு மாட்டுப் பண்ணையில் கூடுகிறார்கள். இங்கிலாந்தின் தென்மேற்கில், சாமர்செட் மாவட்டத்தின் பில்டன் கிராமத்தில் நடக்கும் கிளாஸ்டன்பரி விழாதான் அது. அங்கே இரவு 10 மணிக்கு முதன்மைக் குழு மேடையேறும்போது மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் மறுநாள் விடியற்காலை 5 மணி. ஒரு காலத்தில் நம் தோட்டங்களில் பெரட்டுக்குக் கிளம்பிய நேரம்.

அந்த மேடைகளில் கூட்டம் வாய்விட்டுப் பாடும் பாடல்களில் பல, நம் தோட்டப்புறத்துக் கதைகளுக்கு அந்நியமானவை அல்ல. ஆலை மூடிய ஊர், கிடைத்தும் பிடிக்காத வேலை, கையில் காசில்லாத சனிக்கிழமை, வந்தேறி வீட்டுப் பிள்ளை என்று அவற்றின் பொருள் போகிறது. பாடியவர்களுக்கு அந்தப் பாட்டிலிருந்து என்ன கிடைத்தது என்ற கணக்கும் கூடவே வருகிறது. சொந்தமாகப் பாட்டெழுதிப் பதிவுசெய்யும் நம் இளையோர் இந்தக் கணக்கையும் சேர்த்துக் கேட்பது நல்லது.

முதலில் விழாவைப் பற்றி நான்கு வரி. 1970 செப்டம்பரில் மைக்கல் ஈவிஸ் என்ற பால் பண்ணைக்காரர் தம் நிலத்தில் இதைத் தொடங்கினார். நுழைவுக் கட்டணம் ஒரு பவுண்டு, பண்ணைப் பால் இலவசம். வந்தவர்கள் சுமார் 1,500 பேர். இன்று நுழைவுச்சீட்டுகள் விற்பனை தொடங்கிய அரை மணி நேரத்திலோ சற்றுக் கூடுதலாகவோ தீர்ந்துவிடுகின்றன. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை விழாவை நிறுத்தி மண்ணுக்கும் மாடுகளுக்கும் ஓய்வு கொடுப்பார்கள். 2026 அப்படி ஓய்வு ஆண்டு.

'இண்டி' என்றால் என்ன?

இண்டி என்பது 'இண்டிபென்டன்ட்' என்பதன் சுருக்கம். தனித்து நிற்பது என்று பொருள். இன்று கிட்டாரும் சோகமும் கலந்த ஒருவகைப் பாட்டுக்கு அது பெயராகிவிட்டது. தொடக்கத்தில் அது பாட்டின் வகையைச் சொல்லவில்லை, வியாபாரத்தைத்தான் சொன்னது. இசைத்தட்டை அச்சிட்டுக் கடைக்குக் கொண்டுசேர்ப்பது பெரிய நிறுவனங்களா, சிறு நிறுவனங்களா என்பதே கேள்வி. 1980 தொடக்கத்தில் பிரிட்டனில் இண்டி பாடல்களுக்கெனத் தனி விற்பனைப் பட்டியல் வந்தபோது, பெரிய நிறுவனங்களின் விநியோக வலைக்கு வெளியே விற்ற தட்டுகள்தாம் அதில் இடம்பெற்றன. யார் எப்படிப் பாடினார்கள் என்பதை எவரும் பார்க்கவில்லை.

பெரிய நிறுவனம் முன்பணம் கொடுக்கும். பதிவுச் செலவைப் பாடகரின் பங்கிலிருந்தே கழிக்கும். கழித்தபின் மிஞ்சுவதில் ஒரு சிறு விழுக்காடு பாடகருக்கு வரும். பதிவின் உரிமையோ நிறுவனத்திடமே இருக்கும். லண்டனில் 1976-இல் ஓர் இசைத்தட்டுக் கடையாகத் தொடங்கிய 'ரஃப் டிரேட்', செலவு போக லாபத்தைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்வோம் என்றது. முன்பணம் குறைவு, விளம்பரம் குறைவு, பங்கு அதிகம்.

ஜாய் டிவிஷனின் நிறுவனமான மான்செஸ்டர் 'ஃபேக்டரி' இன்னும் ஒரு படி மேலே போனது. இசைஞர்களுக்கே எல்லாம் சொந்தம், நிறுவனத்துக்கு எதுவும் சொந்தமில்லை என்பதே அதன் ஒப்பந்தத்தின் சாரம்.

அந்தக் குழுவின் பாடகர் இயன் கர்ட்டிஸ், பாடகர் ஆவதற்குமுன் அரசு ஊழியர். மேக்கில்ஸ்ஃபீல்ட் நகரின் வேலைவாய்ப்பு அலுவலகத்தில், உடற்குறை உள்ளவர்களுக்கு வேலை தேடிக் கொடுப்பது அவருடைய பணி. அவருக்கே வலிப்பு நோய் வந்தது. இல்லற வாழ்வும் உடைந்துகொண்டிருந்தது. அந்த உடைசலைத்தான் 'லவ் வில் டேர் அஸ் அபார்ட்' என்று பாடினார். அன்பே நம்மைக் கிழித்துப் பிரித்துவிடும் என்பது அந்தத் தலைப்பின் பொருள். 1980 மே 18 அன்று, குழுவின் முதல் அமெரிக்கப் பயணத்துக்கு முதல் நாள், 23 வயதில் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். அடுத்த மாதம் வெளிவந்த அந்தப் பாட்டு பிரிட்டிஷ் பட்டியலில் 13-ஆம் இடம்வரை சென்றது. அவருடைய நினைவுக் கல்லிலும் அந்தத் தலைப்பே பொறிக்கப்பட்டிருக்கிறது.

மிஞ்சிய மூவரும் ஒருவரைச் சேர்த்துக்கொண்டு 'நியூ ஆர்டர்' என்று பெயர் மாற்றினார்கள். கிளாஸ்டன்பரியில் 1981 முதல் பலமுறை வாசித்திருக்கிறார்கள். பிற்காலக் கச்சேரிகளை இந்தப் பாட்டோடு முடிப்பது அவர்களுடைய வழக்கம். ஒருவர் தனியாக அழுதெழுதிய வரிகளை ஆயிரக்கணக்கானோர் கைதூக்கிப் பாடுவது முதன்முறை பார்ப்பவருக்குச் சற்று விசித்திரமாகத்தான் தோன்றும். நம்மூர் ஒப்பாரியில் ஒருத்தி தொடங்க மற்றவர்கள் சேர்ந்துகொள்வதை அறிந்தவருக்கு அவ்வளவு விசித்திரம் இல்லை.

ஃபேக்டரியின் அந்தத் தாராள ஒப்பந்தம் என்னவாயிற்று? நிறுவனம் கணக்கில் மகா மோசம். நியூ ஆர்டர் சம்பாதித்த பணத்தில் ஒரு பகுதி, 1982-இல் திறந்த இரவு விடுதி ஒன்றில் பல ஆண்டுகள் கரைந்தது. 1992-இல் நிறுவனம் நொடித்தது. அதை வாங்க வந்த பெரிய நிறுவனத்துக்குப் பிறகுதான் விஷயம் தெரிந்தது. ஒப்பந்தப்படி பாடல்கள் ஃபேக்டரியின் சொத்தே அல்ல, விற்க அதனிடம் எதுவும் இல்லை. பாடல்கள் குழுவிடமே நின்றன. விடுதியில் போன பணம் போனதுதான். ஆனால் அந்த ஒரு நிபந்தனை இல்லாவிட்டால் பாட்டும் போயிருக்கும்.

ஐரிஷ் வீட்டுப் பிள்ளைகள் நால்வர்

ரஃப் டிரேடின் புகழ்பெற்ற குழு 'த ஸ்மித்ஸ்'. நால்வருமே அயர்லாந்திலிருந்து பிழைப்பு தேடி மான்செஸ்டருக்கு வந்த குடும்பங்களின் வழிவந்தவர்கள். 1984 ஜூனில் அவர்கள் கிளாஸ்டன்பரியில் வாசித்தபோது ரசிகர்கள் சிலர் மேடைமீதே ஏறிவிட்டார்கள்.

அந்தக் கோடையில் அவர்களுடைய 'ஹெவன் நோஸ் ஐம் மிசரபிள் நவ்' முதல் பத்து இடங்களுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அன்றைய பிரிட்டனில் வேலையில்லாதோர் 30 லட்சத்துக்கும் மேல். வேலை தேடி அலைந்தவனுக்கு ஒருவழியாக வேலை கிடைக்கிறது, கிடைத்தபின் அதுவும் துயரமாகவே இருக்கிறது என்கிறது பாட்டு. வேலை கிடைத்ததற்கே நன்றி சொல்லிக்கொண்டிரு என்று பிள்ளைகளிடம் சொல்லும் பெற்றோருக்கு இது எரிச்சலூட்டும். இரவுப் பணி முடித்துக் காலையில் தொழிற்சாலைப் பேருந்தில் தலைசாய்த்து வரும் பிள்ளைக்கு உடனே புரியும்.

பாட்டைவிடப் பாடம் நிறைந்தது அவர்களுடைய வழக்கு. பாடகர் மோரிஸியும் கிட்டார் கலைஞர் ஜானி மாரும் ஆளுக்கு 40 விழுக்காடு எடுத்துக்கொண்டார்கள். பேஸ் கிட்டார் வாசித்த ஆண்டி ரோர்க்குக்கும் டிரம் அடித்த மைக் ஜாய்ஸுக்கும் ஆளுக்கு 10. பாட்டெழுதிய உரிமைத்தொகை இதில் சேராது. அது எழுதிய இருவருக்கே உரியது, அதை எவரும் கேட்கவுமில்லை. நால்வரும் சேர்ந்து பதிவுசெய்ததற்கும் மேடையில் வாசித்ததற்கும் வந்த பணத்தில்தான் பிணக்கு. எழுதிக் கையெழுத்திட்ட உடன்பாடு எதுவும் அவர்களுக்குள் இல்லை. ரோர்க் பண நெருக்கடியில் 1989-இல் 83,000 பவுண்டு பெற்றுக்கொண்டு ஒதுங்கினார். ஜாய்ஸ் நீதிமன்றம் போனார். வேறு உடன்பாடு இல்லாத கூட்டில் எல்லாரும் சம பங்காளிகள் என்று 1996-இல் தீர்ப்பு வந்தது. அவருக்குச் சேரவேண்டிய தொகை ஏறத்தாழ 10 லட்சம் பவுண்டு என்று கணக்கிடப்பட்டது. ஒரே தவறுக்கு ஒருவர் பெற்றதும் மற்றவர் பெற்றதும் இவ்வளவு வேறுபட்டன.

கல்யாண மண்டபங்களிலும் ஆலய மேடைகளிலும் வாசிக்கும் நம் குழுக்களில் எத்தனை பேர் பங்கை எழுதி வைத்திருக்கிறார்கள்? நண்பர்களுக்குள் எதற்குத் தாள் என்றுதான் அந்த நால்வரும் நினைத்திருப்பார்கள். சொந்தப் பாட்டு எழுதுவோருக்கு இன்னொன்று: வானொலியிலும் பொது இடங்களிலும் பாட்டு ஒலிப்பதற்கான உரிமைத்தொகையை இயற்றியவர்களுக்கு வாங்கித் தரும் சங்கங்கள் இருக்கின்றன. மலேசியாவில் எம்.ஏ.சி.பி., சிங்கப்பூரில் கம்பாஸ். யூடியூப்பில் பாட்டை ஏற்றிவிட்டுப் பார்வை எண்ணிக்கையை மட்டும் எண்ணிக்கொண்டிருப்பவர்கள் அந்தப் பக்கமும் எட்டிப் பார்க்கலாம்.

எளிய மனிதரைப் போல வாழ ஆசைப்பட்ட பெண்

கிளாஸ்டன்பரியில் ஒரே ஒரு பாட்டைச் சொல்லச் சொன்னால் பலரும் சொல்வது 'பல்ப்' குழுவின் 'காமன் பீப்பிள்'. சாதாரண சனங்கள் என்று மொழிபெயர்க்கலாம்.

பல்ப் ஷெஃபீல்ட் நகரத்துக் குழு. எஃகு உருக்கிய ஊர் அது. துருப்பிடிக்காத எஃகு 1913-இல் அங்கேதான் ஹாரி பிரியர்லி என்பவர் கையில் உருவானது. நம் அடுப்படியில் அடுக்கியிருக்கும் எவர்சில்வர் டம்ளரின் பூர்வீகத்தைத் தேடிப்போனால் அந்த ஊரில்தான் நிற்போம். 1980-களில் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. ஜார்விஸ் காக்கர் 1978-இல், பள்ளியில் படிக்கும்போதே, 15 வயதில் குழுவைத் தொடங்கினார். முதல் இசைத்தட்டு 1983-இல் வந்தது. எவரும் கவனிக்கவில்லை. அடுத்த பத்தாண்டும் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. 1988-இல் அவர் லண்டன் போய் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரியில் திரைப்படம் படிக்கச் சேர்ந்தார். வயதான மாணவர், பெயர் தெரியாத பாடகர்.

அங்கே கிரேக்க நாட்டு மாணவி ஒருத்தியைச் சந்தித்தார். ஏழைகள் வாழும் பகுதிக்குக் குடிபோய்ச் சாதாரண சனங்களைப் போல வாழவேண்டும் என்று அவள் சொன்னாளாம். அது அவர் மனத்தில் முள்ளாகத் தங்கியது. சில ஆண்டுகள் கழித்துப் பழைய பொருள் கடையில் வாங்கிய ஒரு சிறிய கேசியோ கீபோர்டில் மெட்டைத் தட்டினார். மிக எளிய மெட்டு. குழுவில் சிலருக்கே முதலில் அது பெரிதாகத் தோன்றவில்லை.

பாட்டில் கதைசொல்லி அவளைப் பேரங்காடிக்கு அழைத்துப் போகிறான். கையில் காசே இல்லாததுபோல் நடி என்கிறான். அவள் சிரிக்கிறாள். இங்கே வேறு எவரும் சிரிப்பதாகத் தெரியவில்லையே என்கிறான். அதற்குப்பின் பாட்டின் குரல் மாறுகிறது. நீ கடைக்கு மேலே அறை எடுத்துத் தங்கலாம், முடியை வெட்டிக்கொள்ளலாம், வேலைக்கும் போகலாம். ஆனால் இரவில் படுத்துக்கொண்டு சுவரில் கரப்பான் ஏறுவதைப் பார்க்கும்போது, உன் அப்பாவுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போதும், எல்லாம் நின்றுவிடும். எங்களுக்கு அப்படி அழைக்க ஒருவருமில்லை. பாட்டின் கருத்து இதுதான்.

இசை இந்தக் கோபத்தைச் சொல்லாமல் சொல்கிறது. பாட்டு மெதுவாக, கிட்டத்தட்ட வம்பளப்பதுபோல் தொடங்குகிறது. போகப்போக வேகம் கூடுகிறது. இன்றைய பதிவுகளில் கணினி தாளத்தைப் பிசகாமல் பிடித்து வைத்திருக்கும். இங்கே தாளம் நிற்காமல் முன்னால் ஓடுகிறது. உறுமி மேளத்தில் அடி ஏற ஏற ஆடுபவர்களின் கால் தானே வேகமெடுப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. ஸ்வரங்களும் மிகக் குறைவு என்பதால் பாடத் தெரியாதவரும் இரண்டாவது முறையே சேர்ந்துகொள்ளலாம்.

1995 மே மாதம் பாட்டு வெளியாகி 2-ஆம் இடம் வந்தது. முதலிடத்தை மறித்து நின்றது, தொலைக்காட்சி நடிகர்கள் இருவர் பாடிய ஒரு பழைய காதல் பாட்டின் மறுபதிப்பு. அதை இன்று நினைவில் வைத்திருப்பவர் குறைவு. ஜூன் மாதக் கிளாஸ்டன்பரியின் சனிக்கிழமை இரவுக்கு 'ஸ்டோன் ரோசஸ்' என்ற பெரிய குழு ஒப்புக்கொண்டிருந்தது. அதன் கிட்டார் கலைஞர் ஜான் ஸ்குவயர் மிதிவண்டியிலிருந்து விழுந்து தோள்பட்டை எலும்பை முறித்துக்கொண்டார். விழாவுக்குச் சில நாள்களே இருந்த நிலையில் பல்ப் அழைக்கப்பட்டது.

17 ஆண்டுகள் காத்திருந்த குழு ஜூன் 24 இரவு மேடையேறியது. கடைசிப் பாட்டுக்கு முன் காக்கர், தம்மைப் போன்ற ஒல்லிக் கோமாளியாலேயே இது முடிந்ததென்றால் உங்களாலும் முடியும் என்ற பொருளில் கூட்டத்திடம் பேசினார். பிறகு 'காமன் பீப்பிள்'. ஒரு மாத வயதே ஆன பாட்டைக் கூட்டம் முழுதும் பாடியது. அந்த ஒரு மணி நேரம் பல்பை நாட்டின் முதல்வரிசைக் குழுக்களில் ஒன்றாக்கியது. ஒன்றைச் சொல்லவேண்டும்: அப்போது பல்ப் ஒரு பெரிய நிறுவனக் குழுமத்தின் கீழ் இருந்தது. வணிகக் கணக்கில் அது இண்டி அல்ல. 'இண்டி' என்ற சொல் வியாபாரத்திலிருந்து கழன்று பாணிக்குப் பெயரானது ஏறத்தாழ அந்தக் காலத்தில்தான்.

2025 ஜூனில், சரியாக 30 ஆண்டு கழித்து, நிகழ்ச்சிநிரலில் 'பேட்ச்வொர்க்' என்ற புனைபெயரில் மறைந்து அதே விழாவில் பல்ப் மீண்டும் தோன்றியது. கூட்டம் மீண்டும் பாடியது. அந்த ஆண்டு நுழைவுச்சீட்டு 373 பவுண்டு 50 பென்ஸ், பதிவுக் கட்டணம் தனி. ரிங்கிட்டில் இரண்டாயிரத்துக்கும் மேல். ஒரு பவுண்டும் ஒரு குவளைப் பாலுமாகத் தொடங்கிய இடம் அது.

அவ்வளவு கொடுத்து உள்ளே வந்து, ஐந்து நாள் சேற்றில் கூடாரம் போட்டுத் தூங்கி, சாதாரண சனங்களின் கோபத்தைப் பாடிவிட்டு வீடு திரும்புகிறவர்கள் யார்? பாட்டில் வரும் அந்தப் பெண்தானோ என்ற கேள்வி எழாமல் இல்லை. அந்தக் கூட்டத்தில் உண்மையிலேயே காசு சேர்த்து வந்த செவிலியரும் கடை ஊழியரும் இருப்பார்கள், அப்பாவை அழைக்க முடிந்தவர்களும் இருப்பார்கள். பாட்டு இரு தரப்புக்கும் இடம் கொடுக்கிறது. அதனாலேயே அது 30 ஆண்டு நின்றது என்று சொல்லலாம், அதனாலேயே அதன் பல் மழுங்கிவிட்டது என்றும் சொல்லலாம். நகரத்துக் கஃபேக்களில் பழைய எனாமல் குவளையும் லயன் வீட்டுப் பலகைச் சுவரும் அலங்காரமாக வந்துவிட்ட இந்நாளில், பால் மங்கு கழுவித் தேய்ந்த கைகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இரண்டாவதுதான் முதலில் தோன்றும்.

வீட்டில் பேசுவதுபோல

அதே ஷெஃபீல்ட் நகரின் ஹை கிரீன் புறநகரிலிருந்து ஏழெட்டு ஆண்டுகள் கழித்து இன்னொரு குழு கிளம்பியது, 'ஆர்க்டிக் மங்கீஸ்'. தொடக்கத்தில் தாங்களே பதிவுசெய்த பாடல்களைக் குறுந்தட்டில் ஏற்றிக் கச்சேரிகளில் இலவசமாகக் கொடுத்தார்கள். வாங்கிய ரசிகர்கள் அவற்றை இணையத்தில் பரப்பினார்கள். பெரிய நிறுவனங்கள் தேடி வந்தபோது அவர்கள் 'டோமினோ' என்ற சிறு நிறுவனத்தையே தேர்ந்தார்கள். 2006 ஜனவரியில் முதல் தொகுப்பு வந்தபோது ஒரே வாரத்தில் 3,60,000-க்கும் மேல் விற்றது. அதன் தலைப்பு, ஆலன் சில்லிட்டோ எழுதிய ஒரு தொழிற்சாலைத் தொழிலாளியின் கதையிலிருந்து எடுத்தது. அடுத்த ஆண்டே கிளாஸ்டன்பரியின் முதன்மைக் குழுவானார்கள். 2013-இலும் 2023-இலும் மீண்டும்.

அவர்களுடைய பாட்டில் கவனிக்கவேண்டியது மொழி. ஆங்கிலப் பாடகர்கள் பலர் மேடையில் அமெரிக்க உச்சரிப்புக்குத் தாவிவிடுவார்கள். பாடகர் அலெக்ஸ் டர்னர் தம் தெருவில் பேசியபடியே பாடினார். 'மார்டி பம்' என்பது அந்த முதல் தொகுப்பில் ஒரு பாட்டு. 'மார்டி' என்றால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வது, இங்கிலாந்தின் வடக்கிலும் நடுப்பகுதியிலும் வழங்கும் வட்டாரச் சொல். காதலிக்கும் அவனுக்கும் நடக்கும் ஒரு சில்லறைச் சண்டைதான் பாட்டு. அது தனிப்பாடலாக வெளியிடப்படவே இல்லை. இருந்தும் 2013-இல் கிளாஸ்டன்பரியில் வயலின் வகைக் கருவிகள் சூழ அதைப் பாடியபோது கூட்டம் ஒவ்வோர் அடியையும் சேர்ந்து பாடியது. லண்டன்காரரும் வேல்ஸ்காரரும் ஷெஃபீல்ட் உச்சரிப்பைக் கடன்வாங்கிப் பாடினார்கள்.

நம்மூர்ப் பாடல்களில் சென்னைத் தமிழை முயன்று வரவழைத்துக்கொள்பவர்கள் இதைக் கேட்கவேண்டும். மலாய்ச் சொல்லும் தோட்டத்துச் சொல்லும் கலந்த நம் பேச்சு, பாட்டுக்குத் தகுதியற்றது என்று எவர் சொன்னது?

காகித விமானம்

கிளாஸ்டன்பரி மேடையில் தமிழ்ப் பெயரும் ஒலித்திருக்கிறது. எம்.ஐ.ஏ. என்ற மாயா அருள்பிரகாசம் 2014-இல் அங்கே பாடினார். லண்டனில் 1975-இல் பிறந்து, கைக்குழந்தையாக இலங்கைக்குப் போய், போர் மூண்டபின் பத்து வயதுவாக்கில் தாயுடன் அகதியாக லண்டன் திரும்பியவர். வளர்ந்தது மிச்சம் பகுதியின் ஓர் 'எஸ்டேட்'டில். அங்கே எஸ்டேட் என்றால் ரப்பர்த் தோட்டமல்ல, நகராட்சி கட்டிய குறைந்த வாடகைக் குடியிருப்பு. சொல் ஒன்றே. குடியிருந்தவர்களும் பெரிதும் வேறானவர்கள் அல்ல.

அவர் படித்ததும் காக்கர் படித்த அதே செயின்ட் மார்ட்டின்ஸில்தான், அதே திரைப்படக் கல்விதான். 'எலாஸ்டிகா' என்ற இண்டி குழுவின் பாடகி ஜஸ்டின் ஃபிரிஷ்மன், தம் குழுவின் இசைத்தட்டு அட்டையை வடிவமைக்க அவரை அமர்த்தினார், பயணத்துக்கும் அழைத்துப்போனார். அந்தப் பழக்கத்தில் கிடைத்த ஒரு சிறு தாளக் கருவியில் தானாகவே மெட்டுப்போடக் கற்றுக்கொண்டார். முதல் பாட்டான 'கலாங்' 2003-இல் 500 பிரதிகள் மட்டுமே அச்சானது. பிறகு 'எக்ஸ்எல்' என்ற சுயேச்சை நிறுவனம் அவரை எடுத்துக்கொண்டது. 2005-இல் வந்த முதல் தொகுப்புக்குத் தந்தையின் பெயரால் 'அருளர்' என்றும், 2007-இல் வந்த இரண்டாவதற்குத் தாயின் பெயரால் 'கலா' என்றும் தலைப்பிட்டார்.

'கலா'வில் உள்ள 'பேப்பர் பிளேன்ஸ்' அவருடைய மிகப் புகழ்பெற்ற பாட்டு. அமெரிக்க விசா கிடைக்காமல் இழுபட்ட நாள்களில் பிறந்தது. குடியேறி எவனாக இருந்தாலும் அவனைப் பணம் பறிக்க வந்தவனாகவே பார்க்கும் பார்வையைக் கேலிசெய்கிறது. பல்லவியில் துப்பாக்கி வெடிக்கும் ஓசையும் கடைக் கல்லாப்பெட்டி திறக்கும் ஓசையும் தாளமாக வரும். கூட்டம் அந்த ஓசைகளைக் கையாலும் வாயாலும் எழுப்பும்.

அந்தப் பாட்டின் அடியில் ஓடும் கிட்டார் ஒலி எம்.ஐ.ஏ.வுடையதல்ல. 'த கிளாஷ்' என்ற லண்டன் குழு 1982-இல் வெளியிட்ட 'ஸ்ட்ரெய்ட் டு ஹெல்' பாட்டிலிருந்து எடுத்தது. அந்தப் பழைய பாட்டு எதிலிருந்து தொடங்குகிறது என்றால், துருப்பிடித்து நிற்கும் எஃகு ஆலைகளிலும், அந்த ஊர்களில் ஆங்கிலம் தடுமாறி வரவேற்பின்றி நிற்கும் குடியேறிகளிலும். மூடிய ஆலை ஊர்களின் பாட்டுமேல், கால் நூற்றாண்டு கழித்து, ஓர் அகதித் தமிழ்ப்பெண் தன் பாட்டைக் கட்டினார்.

எடுத்ததை மறைக்கவில்லை. 'பேப்பர் பிளேன்ஸ்' இயற்றியோர் பட்டியலில் மாயா அருள்பிரகாசம், தயாரிப்பாளர் வெஸ்லி பென்ட்ஸ் ஆகியோருடன் கிளாஷ் குழுவின் நால்வர் பெயரும் இருக்கிறது. 2002-இல் இறந்துபோன ஜோ ஸ்ட்ரம்மர் பெயரும் அதில் உண்டு. 1982-இலேயே குழுவிலிருந்து நீக்கப்பட்ட டிரம் கலைஞர் டாப்பர் ஹெடன் பெயரும் உண்டு.